ரொசாலியாவுக்கு நேர்ந்த கூந்தல்

எங்கள் சமையலறை மேசையின் ஒரு பக்கத்தில் என் மகள் ஜெனி, மறுபக்கத்தில் மேல்மாடிப் பிள்ளை ஹர்லீன். நடுவில் ஒரு படப் புத்தகம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாசி மாதமாக இருக்க வேண்டும். பலெர்மோவில் பழைய வீட்டுச் சுவர்களெல்லாம் வியர்க்கும் காலம். பாண் வாட்டிய மணமும் ஈரச் சப்பாத்து மணமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

புத்தகம் பெரியது, மெல்லியது, செம்மஞ்சள் அட்டை. அட்டையில் ஒரு சிறுமி முக்காலியில் இருக்கிறாள். தலைப்பாகை கட்டிய தகப்பன் பின்னால் நின்று மரச் சீப்பால் அவளுக்குத் தலை வாருகிறார். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பஞ்சாபி, கீழே இத்தாலியன். பஞ்சாபி எழுத்துகள் ஒரு கோட்டில் வரிசையாகத் தொங்கின, எங்கள் பல்கனிக் கொடியில் உடுப்புத் தொங்குவது போல.

ஜெனி இத்தாலியனில் வாசித்து, எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பிள்ளையின்ரை வகுப்பிலை எல்லாரும் கேக்கினம், ஏன் நீ தலைமயிர் வெட்டுறேல்லை எண்டு. அவள் சொல்லுறாள்... அஸ்பெத்தா அம்மா, பொறுங்கோ, அடுத்த பக்கம். எங்களுக்குத் தந்ததைத் தந்தபடியே வைச்சிருப்பமாம். பிறந்ததிலையிருந்து கத்தரிக்கோலே படக்கூடாதாம். பெடியளுக்கும் அப்பிடித்தான், பெட்டையளுக்கும் அப்பிடித்தான்."

ஹர்லீன் பாணை மென்றபடி தலையாட்டினாள். அவளுடைய பின்னல் கதிரைக்குக் கீழே வரை தொங்கியது.

"நானும்தான், ஸியா," என்றாள். "ஒருநாளும் வெட்டினதில்லை."

ஸியா என்றால் இங்கே பிள்ளைகளுக்கு அத்தை, சித்தி, மாமி எல்லாம் ஒன்றுதான். அந்த ஸியாவுக்கு அப்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பின்னலை நான் ஏற்கெனவே நேர்ந்து வைத்திருந்தேன். தாயைக் கேட்காமல், பிள்ளையைக் கேட்காமல், பெல்லெக்ரீனோ மலைக் கோயிலில் இருக்கும் சாந்த ரொசாலியாவுக்கு, இந்த ஊரின் காவல் புனிதைக்கு.

மேல்மாடிக்காரி

வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு வீடு கிடைத்த கதையைச் சென்ற கிழமை எழுதியிருந்தேன். அந்தக் கட்டடத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் சொல்ல விரும்புவது ஒருத்தியைப் பற்றித்தான். எங்களுக்கு நேர் மேலே இருந்த குல்ஜீத்.

குல்ஜீத் மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறவள். விடியுமுன் முதல் பஸ் பிடிக்க வேண்டும். புருசன் தீவின் மறு கரையில், ராகுசாப் பக்கம், பிளாஸ்டிக் கூடாரத் தக்காளித் தோட்டத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் எங்கள் வாசலில் ஒரு பெட்டி தக்காளி இருக்கும். ஒரே பிள்ளை ஹர்லீன். ஜெனியின் வகுப்பு.

எனக்கு லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை, ஒன்பது மணிக்குப் போனால் போதும். அதனால் காலையில் ஹர்லீன் என் பொறுப்பு. மேல்வீட்டுத் திறப்பு எங்கள் சமையலறை ஆணியில் தொங்கியது. நான் போய் எழுப்பி, கீழே கூட்டிவந்து, தலை பின்னி, சாப்பாடு கொடுத்து, இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடுவேன். அவளுக்குப் பின்னுவதற்கு ஜெனிக்குப் பின்னுவதைவிட மூன்று மடங்கு நேரம் போகும். கையில் எடுத்தால் ஈரக் கயிறு போலப் பாரம்.

நானும் குல்ஜீத்தும் கதைப்பது உடைந்த இத்தாலியனில். "உங்கடை இரண்டு பேரின்ரையும் சேர்த்தால் ஒராளின்ரை இத்தாலியன் வரும்," என்று இவர் பகிடி பண்ணுவார். இவர் என்றால் என் கணவர். அந்த உடைந்த கதையைத்தான் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பஞ்சாபிப் புத்தகங்கள் இத்தாலியின் வடக்கிலிருந்து வந்தவை. குல்ஜீத்தின் தம்பி அந்தப் பக்கம் ஒரு பால்மாட்டுப் பண்ணையில் வேலை செய்தான். அங்கே பஞ்சாபிகள் நிறையப் பேர், குருத்வாரா இருக்கிறது. பெற்றோர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு இப்படிப் புத்தகம் போட்டிருந்தார்கள். வைசாகிக்குக் கொடி ஏற்றும் புத்தகம், ரொட்டி சுடும் புத்தகம், பனியில் தலைப்பாகையோடு விளையாடும் பெடியன் புத்தகம். குல்ஜீத் அவற்றைக் குருவின் படத்துக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருப்பாள்.

"இந்த ஊரிலை எங்களுக்குப் போக ஓரிடம் இல்லை," என்று ஒருநாள் சொன்னாள். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எண்டால் வெளிக்கிட்டுப் போறியள். நான் என்ரை பிள்ளைக்கு என்னத்தைக் காட்டி, நாங்கள் ஆர் எண்டு சொல்ல? இதைத்தான் காட்டவேணும்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் ஞாயிறு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பாடப் புத்தகம் இருக்கிறது, சோதனை இருக்கிறது. ஆனால் ஜெனி அந்தப் பனிப் புத்தகத்தில், பின்னால் நிற்கும் கறுத்த சிறுமி ஒருத்தியைக் காட்டி, "இது நான்," என்றாள். "எங்களைப் பற்றின புத்தகம் எங்கை அம்மா?" என்றும் கேட்டாள். பெயர்கூட இல்லாமல் ஒரு ஓரத்தில் நிற்கிற பிள்ளை அது. அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டாள்.

நான் என்ன சொல்வேன்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் விட்டேன் என்று சொல்ல மனம் வருவதில்லை. இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் போய்விட்டோம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் செபப் புத்தகம். அதில் படம் என்றால் திருக்குடும்பமும் பாம்பும்தான்.

காய்ச்சல்

தை மாதத்தில் ஒருநாள் காலை நான் மேலே போனபோது ஹர்லீன் எழும்பவில்லை. குல்ஜீத் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு மூக்கடைப்போடு சின்னத் தடிமன்தான் இருந்ததாம். நான் தொட்டுப் பார்க்கிறேன், தோசைக்கல் மாதிரிக் கொதிக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது.

இவர் போர்வையோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினார். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் தாயா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் வெளியில் நில்லுங்கள் என்றார்கள். இவர் மொண்டெல்லோவுக்குக் குல்ஜீத்தைத் தேடி ஓடினார். வேலை நேரத்தில் ஹோட்டல் வேலைக்காரருடைய போனெல்லாம் அலுமாரிப் பூட்டில் இருக்கும்.

நான் தனியே நின்றேன். என்னுடைய மனம் நல்லதை நினைத்துப் பழகாத மனம். கதவைத் திறந்து யாராவது வந்தால் கெட்ட செய்தி என்று நினைப்பேன், வராவிட்டால் அதைவிடக் கெட்ட செய்தி என்று நினைப்பேன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் தாய்க்கு எப்படி முகம் கொடுப்பது? நீ யார், ஏன் தூக்கிவந்தாய் என்று பொலிஸ் கேட்டால்? பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்த நேரம் வேறு. இந்த நாட்டில் இருக்கவிடும் காகிதம் அது. கையில் இல்லாத நாட்களில் நான் வீதியைக் கடப்பதற்கே பயப்படுவேன்.

பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தாதி அதைத் தூக்கி நெஞ்சில் போட்டுவிட்டுப் போனாள். நான் கடைசியாகக் கண்டது அதுதான். அதனால்தானோ என்னவோ, வாயில் அதுவே வந்தது.

"தாயே, பிள்ளையைத் திருப்பித் தாங்கோ. அந்த முடியை உங்கடை மலைக்குக் கொண்டுவந்து தாறன்."

மன்னார் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நோய் என்றால் பிள்ளையின் முடியை நேர்வது வழக்கம். குணமானதும் மடு மாதா கோயிலுக்குப் போய் மொட்டை அடிப்போம். எனக்கே சின்ன வயதில் அடித்திருக்கிறார்கள்; சந்தனம் காய்ந்து தலை இறுகும் அந்த உணர்வு இப்போதும் நினைவிருக்கிறது. பலெர்மோவுக்கு வந்த பிறகு மடுவுக்குப் போக வழியில்லை. எங்கள் ஆட்கள் ரொசாலியாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறுகளில் வெறுங்காலோடு மலை ஏறுவார்கள். முடி நேர்ந்தவர்கள் வீட்டில் வெட்டி, வெள்ளைத் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள்.

சீக்கியர்கள் தலைப்பாகை கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது ஆண்களின் சங்கதி என்று நினைத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு நீண்ட முடி என்றால், எங்கள் பெண்பிள்ளைகளைப் போலத் தாய் ஆசையாய் வளர்க்கிறாள் என்று நினைத்தேன். ஆசையாய் வளர்த்ததைத்தானே நேர்வது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் டொக்டர் வந்து, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். குல்ஜீத் ஹோட்டல் ஏப்ரனோடு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பிள்ளை நன்றாகத் தேறட்டும், கோடை விடுமுறையில் சொல்வோம், சந்தோசப்படுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தச் செம்மஞ்சள் புத்தகம் எங்கள் மேசைக்கு வந்தது.

வட்டிக்காரி

அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மற்றவளின்ரை பிள்ளையின்ரை தலையை நீ எப்பிடியப்பா நேர்ந்தனீ?"

"அந்த நேரம் வாயிலை வந்திட்டுது."

"வந்தால் விழுங்கியிருக்க வேண்டியதுதானே. இப்ப மறந்திடு. ஆருக்குத் தெரியும்?"

"ரொசாலியாவுக்குத் தெரியுமே."

இவர் திரும்பச் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் எனக்கு மறக்க முடியவில்லை. ஹர்லீனுக்குக் குணமானாலும் இருமல் விடவில்லை. புகைந்த குரலில் ஒரு வறட்டு இருமல். ஒவ்வொரு தடவை அவள் இருமும்போதும் எனக்கு யாரோ கதவைத் தட்டிக் கேட்பது போல இருக்கும். காலையில் தலை பின்னும்போது பாதியில் நிறுத்திவிடுவேன். நான் பிடித்திருப்பது இந்தப் பிள்ளையுடையதா, ரொசாலியாவுடையதா?

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடித்தேன். எங்கள் தமிழ் ஃபாதர் உடுப்பை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டு நகையை நீர் கோயிலுக்குக் குடுக்கேலுமே?"

"ஏலாது, ஃபாதர்."

"அப்ப இதுவும் ஏலாது. இது நேர்த்தியே இல்லை. மனம் பதறினதிலை வந்த கதை."

"பிள்ளை இன்னும் இருமுது, ஃபாதர்."

"மாசியிலை பலெர்மோ முழுக்கத்தான் இருமுது. ரொசாலியாவை வட்டிக்காரி ஆக்காதேயும் பிள்ளை. மனம் ஆறேல்லையெண்டால் உம்முடையதிலை ஏதும் குடும்."

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இவர்தான் வெட்டினார். குளியலறையில், பழைய துவாயைத் தோளில் போட்டு. முதலில் மாட்டேன் என்று நின்றார், பிறகு என் அழுகையைப் பார்த்து முடிவெட்டும் மெசினை எடுத்தார். "உன்ரை தலையிலை கிடக்கிற இந்தக் கொஞ்சத்தை மட்டும் குடுத்தால், மிச்சம் எங்கையெண்டு ரொசாலியா ஆள் அனுப்புவா," என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். தரையில் கிடந்ததில் பாதி நரை. நான் ஹர்லீனின் முடியை நினைத்துக்கொண்டேன். ஈடாகுமா என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் பயந்தேன்.

மலைக்குப் போய், துணி முடிச்சை வைத்துவிட்டு வந்தேன். இறங்கும்போது காற்றுத் தலையில் நேராகப் பட்டது. அன்று மட்டும் எனக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

கத்தரிக்கோல் இருக்கிற வீடு

லிபெர்த்தா சிஞ்ஞோராவுக்குப் பேன் என்று பொய் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. குல்ஜீத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அவளே பிள்ளையைக் கூட்டிப் போக வந்துவிட்டாள். நான் தலையில் சால்வை கட்டியிருந்தேன்.

"தலையிடியா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் ஜெனி சொல்லிவிட்டாள். பெருமையோடு சொன்னாள், பாவம். வீட்டில் நாங்கள் கதைத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அம்மா ஹர்லீனுக்காக மொட்டை போட்டவ. முதல் ஹர்லீன்ரை தலைமுடியைத்தான் நேர்ந்தவ. பிறகு புத்தகத்திலை பாத்திட்டு, பாவமெண்டு தன்ரையை வெட்டினவ."

இத்தாலியனில் அது இன்னும் தெளிவாக இருந்தது.

குல்ஜீத் பிள்ளைகள் இரண்டு பேரையும் அறைக்குள் போகச் சொன்னாள். ஹோட்டல் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். என்னையும் இருக்கச் சொன்னாள், என் வீட்டில்.

"உண்மையா?"

"ஓம். எனக்கு உங்கடை வழக்கம் தெரியாது, குல்ஜீத். தெரிஞ்சிருந்தால் நினைச்சிருக்கவும் மாட்டன்."

"நீ அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டன்."

"தெரியும்."

"ஆனால் அங்கை வைச்சு, என்ரை பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் கிடக்கேக்கை, நீ அவளின்ரை முடியைக் குடுத்திட்டாய்."

"குடுக்கேல்லை. என்ரையைத்தான் குடுத்தனான். இனி ஒண்டும் இல்லை, முடிஞ்சுது."

"உன்ரையை ஏன் குடுத்தாய்?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நாங்கள் முடியை வெட்டாமல் இருக்கிற ஆக்கள். என்ரை பிள்ளையின்ரை பேராலை ஒருத்தி தன்ரை முடியை வெட்டிப்போட்டு வந்து நிக்கிறாள். இது எனக்கு நல்லதே? நான் இதைக் குருவின்ரை படத்துக்கு முன்னாலை போய் என்னெண்டு சொல்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றைச் சரிக்கட்ட ஒன்றைச் செய்தேன், இரண்டுமே அவளுடைய பிள்ளையின் மேல்தான் போய் விழுந்திருக்கிறது.

"நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"ஓம். நல்லதுக்குத்தான். அதுதான் எனக்குப் பயம்." அவள் எழும்பினாள். "இஞ்சை பார். நான் அங்கை ஹோட்டலிலை கட்டில் விரிச்சுக்கொண்டு நிப்பன். பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தால் நீ பதறுவாய். பதறினால் நீ என்ன செய்வாய் எண்டு உனக்கே தெரியாது. கத்தரிக்கோல் இருக்கிற வீட்டிலை என்ரை பிள்ளை நிக்குது எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு நிப்பன்."

இல்லை, அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனம் எனக்குத் தெரியும். அதனால் சொல்ல முடியவில்லை.

அவள் ஆணியிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டாள். ஹர்லீன் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி தாயின் பின்னால் போனாள். "நாளைக்குத் தலை பின்ன வாறியா?" என்று ஜெனி கேட்டாள். குல்ஜீத் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

படிக்கட்டு

அந்த மாதம் தக்காளிப் பெட்டி வரவில்லை.

குல்ஜீத் முன்போலவே விடியுமுன் போனாள். வேலையை விட அவளுக்கு வழியில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட நேரம் வரை பிள்ளை மேலே தனிய இருந்தது. நான் கீழே இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். குளியலறைத் தண்ணீர் ஓடும். கதிரை இழுபடும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காவிட்டால் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிற்பேன். அடுப்பைத் தொட்டிருப்பாளா? தனியே விட்டது தெரிந்து, பிள்ளைகளைப் பார்க்கும் அரசாங்கக்காரர் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போனால்? அதற்கும் நான்தானே காரணம்?

"நீ கூரையைப் பாத்துப் பாத்துக் கழுத்து உளுக்கப் போறாய்," என்றார் இவர். பிறகு அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

பங்குனி தொடங்கியிருக்கும். ஒருநாள் காலை மேலே இருமல் நிற்கவில்லை. வறட்டு இருமல் இல்லை, அடியிலிருந்து வரும் இருமல். ஜெனியைச் சாப்பிடவிட்டு, நான் மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆர்?"

"ஸியா. காய்ச்சலா பிள்ளை?"

"இல்லை. அம்மா கதவு திறக்கவேண்டாம் எண்டவ."

"திறக்க வேண்டாம். தண்ணி குடிச்சனியே? சுடுதண்ணி?"

"ஓம்."

"அம்மாவுக்குப் போன் எடுக்கவா?"

"அவ பூட்டிலை வைச்சிருப்பா." கதவுக்கு மிகக் கிட்ட வந்திருந்தாள், மூச்சுச் சத்தம் கேட்டது.  பிறகு, பெரிய ஆள் ஒருத்தர் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"ஸியா, கொஞ்ச இருமல்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் வாக்குக் குடுத்திடாதேங்கோ, என்ன?"

"இல்லை," என்றேன். "குடுக்கேல்லை."

அது உண்மைதான். ஆனால் படி ஏறும்போதே "தாயே" என்பது வரை வாயில் வந்திருந்தது. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டது. எதையும் தருகிறேன் என்று சொல்லாமல் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். சிஞ்ஞோராவின் போன் அடித்து ஓய்ந்தது. ஜெனி பையோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தாள்.

பள்ளிக்கூட நேரத்துக்குக் கதவு திறந்தது. ஹர்லீன் நீலக் கோட்டோடு வந்தாள். பின்னல் கோணலாக இருந்தது, தானே பின்னியிருக்கிறாள். கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க என் கை எழும்பியது.

"பொஞ்ஜோர்னோ, ஸியா," என்றாள் மரியாதையாக.

நான் ஒதுங்கி வழிவிட்டேன். என்னைக் கடக்குமுன் அவள் ஒரு படியில் நின்றாள். பின்னலை முன்னால் இழுத்தெடுத்து, கோட்டுக்குள் விட்டு, கழுத்துவரை பொத்தானைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.